வேகம் இருப்பது அலைக்கு அடியில்

நீச்சல் போட்டியைத் தொலைக்காட்சியில் பார்த்த மாணவி ஒருவர் இப்படிக் கேட்டிருக்கிறார்: ‘குதித்ததும் எல்லோரும் தண்ணீருக்குள்ளேயே கொஞ்ச தூரம் போகிறார்கள். கை அசைவதே இல்லை. ஆனால் அப்போதுதான் வேகமாகப் போவதுபோல் தெரிகிறது. மேலே வந்து கையைச் சுழற்ற ஆரம்பித்ததும் வேகம் குறைகிறது. பிறகு எதற்கு மேலே வர வேண்டும்?’

அவர் கண் சரியாகத்தான் பார்த்திருக்கிறது. மேலே வருவதற்கு முதல் காரணம் விதி. ஃப்ரீஸ்டைல், பேக்ஸ்ட்ரோக், பட்டர்ஃபிளை ஆகிய மூன்றிலும், குதித்த பிறகும் ஒவ்வொரு திருப்பத்துக்குப் பிறகும், 15 மீட்டருக்குள் தலை தண்ணீருக்கு மேலே வந்துவிட வேண்டும். லேன் கயிற்றில் அந்த இடத்தில் மிதவை வேறு நிறத்தில் இருக்கும். பிரெஸ்ட்ஸ்ட்ரோக்குக்குத் தனி விதி உண்டு. அங்கே நீருக்கடியில் ஒரு முழு இழுப்பு, ஒரு டால்ஃபின் உதை, ஒரு தவளை உதை, அவ்வளவுதான். நீருக்கடியில் போவதில் லாபம் இல்லையென்றால் யாரும் அதற்கு வரம்பு கட்டியிருக்க மாட்டார்கள். அந்த லாபம் எங்கிருந்து வருகிறது என்பது தெரிந்தால் போட்டி நீச்சலின் அடிப்படை உத்திகள் எல்லாமே விளங்கிவிடும்.

முதலில் வேகக் கணக்கு. 2024 ஜூலை 31 அன்று பாரிஸ் ஒலிம்பிக்கில் சீனாவின் பான் ஜான்லே 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலை 46.40 விநாடியில் முடித்து உலகச் சாதனை படைத்தார். சராசரி வேகம் விநாடிக்கு 2.16 மீட்டர். மணிக்கு 8 கிலோமீட்டர்கூட வரவில்லை. காலையில் மெதுவோட்டம் போகிறவரின் வேகம்தான் அது. இதே தூரத்தை உசைன் போல்ட் தரையில் 9.58 விநாடியில் கடந்தார். தண்ணீர் காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியானது; வேகம் கூடக்கூட அதன் தடை வேகத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. அந்தத் தடையை வெல்லத் தேவைப்படும் திறனோ வேகத்தின் முப்படிக்கு ஏற்ப ஏறும். 10 சதவீதம் கூடுதல் வேகத்துக்கு மூன்றில் ஒரு பங்கு கூடுதல் திறன் வேண்டும். இரண்டு மடங்கு வேகத்துக்கு எட்டு மடங்கு.

இந்த எட்டு மடங்கைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். குளத்தில் சுமாராக நீந்துகிறவரைவிட ஒலிம்பிக் வீரர் இரண்டு மடங்கு வேகமாகப் போகிறார். அதற்காக அவருக்கு எட்டு மடங்கு பலம் இருக்கிறது என்று அர்த்தமில்லை. எந்த உடற்பயிற்சிக் கூடமும் அப்படியொரு பலத்தைத் தராது. தண்ணீர் அவரை மற்றவர்களைவிடக் குறைவாகத் தடுக்கிறது என்பதுதான் உண்மை. போட்டி நீச்சல் என்பது தடையைக் குறைக்கும் கலை. கை வீச்சு அதற்கு அடுத்ததுதான்.

தடை மூன்று வகைப்படும். தோலோடு தண்ணீர் உராய்வது ஒன்று. உடலின் வடிவத்தால் முன்னே அழுத்தம் கூடி, பின்னே சுழல் உண்டாகி, உடலைப் பின்னுக்கு இழுப்பது இரண்டாவது. மூன்றாவது, அலை. மேற்பரப்பில் நகரும் எதுவும் அலையை எழுப்பியே தீரும். அலையை எழுப்ப ஆற்றல் வேண்டும். அது நீந்துகிறவரின் கணக்கிலிருந்துதான் போகிறது. முதல் இரண்டும் பள்ளிப் பாடத்தில் வந்தவை. இங்கே பேச வேண்டியது இந்த மூன்றாவதைப் பற்றி.

கூடத்தில் விரித்த பவானி ஜமுக்காளத்தில் ஒரு குழந்தை குப்புறப் படுத்து உந்திக்கொண்டே முன்னேறுவதைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். கொஞ்ச தூரத்திலேயே தலைக்கு முன்னால் ஜமுக்காளம் சுருண்டு ஒரு மேடு எழும். குழந்தை நகர்ந்தால் மேடும் நகரும். வேகமாக உந்தினால் மேடு தாழ்ந்துவிடாது, இன்னும் உயரும். தாண்டிப் போகலாம் என்றால், போகும் இடத்துக்கெல்லாம் அது முன்னாலேயே போய் நிற்கும். குழந்தையின் உழைப்பில் பெரும்பகுதி முன்னேறுவதற்குப் போகாமல் ஜமுக்காளத்தைச் சுருட்டுவதற்கே போய்விடும். குழந்தை நீளமாக இருந்தால் மடிப்பு கொஞ்சம் தள்ளி விழும். முழங்காலை மடக்கிக் குறுகிப் படுத்தால் மூக்கிலேயே வந்து இடிக்கும். பக்கத்தில் இன்னும் இரண்டு குழந்தைகள் உந்தினால் அவர்கள் எழுப்பும் மடிப்பும் இங்கே வந்து சேரும். நடுவில் கனமான கட்டையை வைத்து அமுக்கினால்தான் அது நிற்கும். குளத்தில் லேன் கயிற்றின் மிதவைத் தட்டுகள் செய்யும் வேலை அதுதான். இவ்வளவு பாட்டுக்கும் நடுவே, வீட்டுப் பூனை ஜமுக்காளத்துக்கு அடியில் புகுந்து ஓடுகிறது. ஒட்டி ஓடினால் மேலே ஒரு புடைப்பு கூடவே நகரும். ஜமுக்காளத்தைக் கட்டில்மேல் விரித்துவிட்டால், கட்டிலுக்கடியில் பூனை ஓடுவது மேலே தெரியவே தெரியாது. மடிப்பில்லை, மேடில்லை, வீண் உழைப்பும் இல்லை.

இனி எண்ணில் சொல்வோம். ஆழமான நீரில் நீளமான அலை வேகமாகவும் குட்டை அலை மெதுவாகவும் ஓடும். ஓர் அலையின் நீளத்தைப் புவியீர்ப்பு முடுக்கத்தால் பெருக்கி, 6.28-ஆல் வகுத்து, வர்க்கமூலம் எடுத்தால் அதன் வேகம் கிடைக்கும். 2 மீட்டர் நீள அலைக்கு அது விநாடிக்கு 1.77 மீட்டர். 2 மீட்டர் உயரமுள்ள ஒருவர் அந்த வேகத்தை எட்டும்போது, அவர் எழுப்பும் அலையின் நீளமும் அவர் உடலின் நீளமும் ஒன்றாகிவிடுகின்றன. தலையருகே ஒரு முகடு, காலருகே ஒரு முகடு, நடுவில் பள்ளம். அதற்கு மேல் வேகமெடுத்தால் அலை இன்னும் நீளும், பின் முகடு காலைத் தாண்டிப் போகும், இடுப்பும் காலும் பள்ளத்தில் இறங்கும். அவர் தன் அலையின் சரிவிலேயே ஏறிக்கொண்டிருப்பார். கப்பல் கட்டுகிறவர்களுக்கு இது நெடுநாளாகத் தெரிந்த எல்லை. உடல் கப்பல் இல்லை என்பதால் இந்த எண்ணைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். எல்லையைத் தாண்ட முடியும். ஆனால் அதற்கான விலை கிடுகிடுவென ஏறும்.

இதிலிருந்தே ஓர் உத்தி பிறக்கிறது. ஒரு கையை முன்னே முழுக்க நீட்டினால் உடலின் நீளம் 2.5 மீட்டர் ஆகிறது, எல்லையும் 1.98-க்கு உயர்கிறது. நல்ல ஃப்ரீஸ்டைல் வீரர்களை மெதுவியக்கக் காட்சியில் பாருங்கள். பின்னாலிருந்து ஒரு கை காற்றில் வந்து சேரும்வரை மறு கை அவசரப்படாமல் முன்னே நீண்டிருக்கும். பார்க்க அழகாக இருக்கிறது என்பதற்காக அவர்கள் அப்படிச் செய்வதில்லை.

அலையிலிருந்து தப்ப இதைவிட நல்ல வழி, பூனையின் வழி. சுமார் அரை மீட்டர் ஆழத்துக்குப் போனாலே அலைத் தடை வெகுவாகக் குறைந்துவிடுகிறது. அங்கே வீரர் செய்வதைக் கிட்டத்தில் பார்க்கலாம். ஓர் உள்ளங்கை மறு புறங்கையின்மேல். மேல்கையின் கட்டைவிரல் கீழ்க்கையைக் கொக்கிபோட்டுப் பிடித்திருக்கும். இரு கைகளும் காதை நெருக்கி, தலையின் பின்புறத்தை அழுத்தி நீண்டிருக்கும். முகவாய் உள்ளடங்கியிருக்கும். இதுதான் ஸ்ட்ரீம்லைன். கை இந்த நிலையில் அசையாமல் நிற்க, கீழ் நெஞ்சில் ஒரு சிறிய நெளிவு தொடங்குகிறது. இடுப்புக்கு வரும்போது அது பெரிதாகி, முழங்காலைக் கடந்து, கால்விரல் நுனியில் சாட்டையடியாக முடிகிறது. டால்ஃபின் உதை என்பது இதுதான். கீழ் உதையைப் போலவே மேல் உதைக்கும் வேலை உண்டு. ஒவ்வோர் உதையும் பாதத்துக்குப் பின்னால் ஒரு நீர்ச்சுழலைக் கழற்றிவிடுகிறது. அந்தச் சுழல் பின்னே தள்ளப்பட, உடல் முன்னே போகிறது.

எப்போது உதைக்கத் தொடங்குவது என்பதிலும் கணக்கு இருக்கிறது. குதித்து நுழையும்போதும் சுவரை உதைத்துக் கிளம்பும்போதும் உடலின் வேகம் நீந்தும் வேகத்தைவிட அதிகம். உடனே உதைத்தால் நெளியும் உடல் தடையைக் கூட்டி அந்த வேகத்தைத் தின்றுவிடும். வெகுநேரம் காத்திருந்தால் வேகம் தானாகவே செத்துவிடும். ஏறக்குறைய நீந்தும் வேகத்துக்கு இறங்கிவரும் நொடியில் முதல் உதை விழ வேண்டும்.

வரலாற்றில் நமக்கு வேண்டியது கொஞ்சம்தான். 1956 மெல்பர்ன் ஒலிம்பிக்கில் ஜப்பானின் மசாரு ஃபுருகாவா 200 மீட்டர் பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கின் பெரும்பகுதியை நீருக்கடியில் நீந்தித் தங்கம் வென்றார். விரைவிலேயே அது தடைசெய்யப்பட்டது. 1988 சோல் ஒலிம்பிக்கில் அமெரிக்காவின் டேவிட் பெர்காஃப் 100 மீட்டர் பேக்ஸ்ட்ரோக்கில் முதல் 35 மீட்டரை மல்லாந்தபடி நீருக்கடியிலேயே கடந்து, தகுதிச் சுற்றில் 54.51 விநாடியில் உலகச் சாதனை படைத்தார். இறுதிச் சுற்றில் அதே வித்தையால் ஜப்பானின் டைச்சி சுசுகி அவரை முந்தித் தங்கம் பெற்றார். உடனே 10 மீட்டர் வரம்பு வந்தது. பின்னர் அது 15 ஆனது. 1996 அட்லாண்டாவில் ரஷ்யாவின் டெனிஸ் பங்கராதொவ் பட்டர்ஃபிளையில் அதையே செய்தார். 1998-ல் அந்த வகைக்கும் ஃப்ரீஸ்டைலுக்கும் வரம்பு வந்தது. மேற்பரப்பைவிட அடி வேகமானது என்பதற்கு விதிப் புத்தகமே சாட்சி.

மேலே வந்த பிறகு என்ன செய்வது? நீச்சல் பயிற்சியாளர்கள் கரையில் நின்று கத்துவதில் பாதி, ‘தலையைத் தூக்காதே!’ என்பதுதான். நுரையீரலில் காற்று இருப்பதால் நெஞ்சு மிதக்கும், கால் தாழும். தலையைத் தூக்கினால் இடுப்பும் சேர்ந்து இறங்கும். தண்ணீரை எதிர்கொள்ளும் பரப்பு பெரிதாகும். அப்படியென்றால் மூச்சு? இங்கே, இவ்வளவு நேரம் எதிரியாக இருந்த அலையே உதவிக்கு வருகிறது. வேகமாகப் போகும் தலைக்கு முன்னால் நீர் மேடாக எழும். அதை ஒட்டிக் கன்னத்தருகே ஒரு பள்ளம் விழும். உடலோடு சேர்த்துத் தலையைப் பக்கவாட்டில் திருப்பினால், ஒரு கண் தண்ணீருக்குள் இருக்கும்போதே வாய் அந்தப் பள்ளத்தில் காற்றைக் கண்டுகொள்ளும். குளத்தின் நீர்மட்டத்துக்குக் கீழே மூச்சு வாங்குகிறார் அந்த வீரர்! மெதுவாகப் போகிறவருக்கு அந்தப் பள்ளம் ஆழமாக விழாது என்பதால்தான் புதிதாகக் கற்கிறவர்களுக்கு மூச்சு இவ்வளவு சிரமமாக இருக்கிறது.

கை இழுப்பில் முக்கியமானது முழங்கை. நீட்டிய கையை விறைப்பாகக் கீழே அழுத்தினால் உடல் மேலே எழும்பும், முன்னே போகாது. முழங்கையை உயரத்திலேயே வைத்து, முன்கையைச் செங்குத்தாக இறக்கி, உள்ளங்கையும் முன்கையும் ஒரே பலகையாகப் பின்னே தள்ள வேண்டும். விரல்களை இறுக்கி ஒட்டவும் வேண்டாம். சிறு இடைவெளி இருந்தால் நீர் அதில் எளிதில் புகாது, பிடிக்கும் பரப்பும் சற்றுக் கூடும். பேக்ஸ்ட்ரோக்கும் இதே கணக்குத்தான், மல்லாந்து. பட்டர்ஃபிளை, நீருக்கடியில் பார்த்த அதே நெளிவை மேற்பரப்புக்குக் கொண்டுவருவது. பிரெஸ்ட்ஸ்ட்ரோக்கில் மட்டும் கையும் காலும் முன்னே திரும்புவது பெரும்பாலும் தண்ணீருக்குள்ளேயே நடப்பதால் ஒவ்வொரு சுற்றிலும் உடல் தன்னையே தடுத்துக்கொள்கிறது. அந்த வகையின் மாபெரும் வீரர் ஆடம் பீட்டி 2019-ல் படைத்த 100 மீட்டர் உலகச் சாதனை 56.88 விநாடி. பான் ஜான்லேயின் ஃப்ரீஸ்டைலைவிடப் பத்து விநாடிக்கு மேல் அதிகம்.

இவ்வளவு தெரிந்த பிறகு விளம்பரங்களை நிதானமாக எடைபோடலாம். 2000-ஆம் ஆண்டு வாக்கில் ‘சுறாத் தோல்’ நீச்சலுடை என்று பெரிதாகப் பேசப்பட்டது. ஹார்வர்டின் ஜார்ஜ் லாடர் குழு 2012-ல் உண்மையான சுறாத் தோலையும் அந்த வகைத் துணியையும் சோதித்தது. சுறாத் தோல் தந்த பலனைத் துணியின் மேற்பரப்பு தரவில்லை. பாலியூரித்தேன் உடைகளின் கதை வேறு. அவை உடலை இறுக்கி, மிதக்கவும் உதவின. 2009 ரோம் உலகப் போட்டியில் 43 உலகச் சாதனைகள் விழுந்தன. 2010 முதல் அவை தடைசெய்யப்பட்டன. இனி அந்த நேரங்களை எட்டவே முடியாது என்றார்கள். ஆனால் ரோமில் 100 மீட்டர் ஃப்ரீஸ்டைலில் சீசர் சியலோ நீந்திய 46.91-ஐ 2022-ல் சாதாரணத் துணி உடையில் டேவிட் போபோவிச் 46.86-ஆகக் குறைத்தார். அதைப் பான் ஜான்லே எங்கே கொண்டுபோனார் என்று மேலே பார்த்தோம்.

பாரிஸ் குளம் 2.15 மீட்டர் ஆழம்தான், அதனால் ‘மெதுவான குளம்’ என்று முதல் நாள்களில் எழுதித் தள்ளினார்கள். கணக்குப் போட்டுப் பார்க்கலாம். பான் ஜான்லேயின் வேகத்தில் எழும் அலையின் நீளம் சுமார் 3 மீட்டர். அலைநீளத்தில் பாதிக்கு மேல் ஆழம் இருந்தால் அலை தரையை உணராது. பாதி என்பது 1.5 மீட்டர். அவர் எழுப்பிய அலைக்கு அந்தக் குளம் போதுமான ஆழம்தான். சுவர்களில் மோதித் திரும்பும் கலக்கம் கொஞ்சம் கூடியிருக்கலாம். எப்படியிருந்தாலும் அந்தக் குளத்தில் 4 உலகச் சாதனைகள் படைக்கப்பட்டன.

கோடை விடுமுறையில் பிள்ளைகளை நீச்சலுக்கு அனுப்பும் பெற்றோருக்கு ஒரு வேண்டுகோள். முதல் மாதமே எத்தனை சுற்று அடித்தாய் என்று கேட்காதீர்கள். சுவரை உதைத்து, கையை நீட்டி, ஒரு வீச்சும் இல்லாமல் எவ்வளவு தூரம் போகிறாய் என்று கேளுங்கள். அந்தத் தூரம் கூடினால் மற்றதெல்லாம் தானாக வரும். ஒன்றை மட்டும் கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள்: மூச்சை வேகவேகமாக இழுத்துவிட்டு, நீருக்கடியில் யார் அதிக தூரம் போகிறார்கள் என்று போட்டி போடுவது. அப்படிச் செய்தால் ரத்தத்தில் கரியமில வாயு குறைந்து, மூச்சுத் திணறும் உணர்வு வருவதற்கு முன்பே நினைவு தப்பிவிடக்கூடும். நன்றாக நீந்தத் தெரிந்தவர்களே இப்படி இறந்திருக்கிறார்கள். ஒலிம்பிக் வீரருக்கே 15 மீட்டர்தான் வரம்பு. உங்கள் பிள்ளைக்கு, பயிற்சியாளர் பக்கத்தில் நிற்கும்போது, அதில் பாதி போதும்.