பட்டா எண்ணைத் தட்டியதும் என்ன நடக்கிறது?

துறையூர் வட்டம் உப்பிலியபுரத்தில் ஒரு விவசாயி பயிர்க் கடனுக்கு மனுப் போடுகிறார். சிட்டா நகல் வேண்டும். அரசின் இணையச் சேவையில் மாவட்டம், வட்டம், கிராமம் ஆகியவற்றைத் தேர்ந்து பட்டா எண்ணைத் தட்டுகிறோம், நகல் வந்துவிடுகிறது. தமிழ்நாடு முழுவதற்குமான பதிவுகளில் இவருடையது மட்டும் எப்படிச் சிக்கியது?

மாணவர்களே, பதிவுகளை அட்டவணைகளாகக் கற்பனை செய்துகொள்ளுங்கள். ஒன்றில் புல எண்ணும் பரப்பும். மற்றொன்றில் உரிமையாளர் பெயர்கள். இரண்டையும் பட்டா எண் இணைக்கிறது. இப்படி அட்டவணைகளை உறவுபடுத்தும் முறையை 1970-இல் ஐபிஎம் நிறுவனத்தின் எட்கர் காட் வெளியிட்டார்.

தேடுவதற்குக் குறியீட்டுப் பட்டியல் ஒன்று தனியே உண்டு. அதன் முதல் பக்கத்தில் 100 வழிகாட்டிகள். ஒவ்வொன்றும் இன்னொரு பக்கத்துக்கு அனுப்பும், அங்கும் 100. மூன்றே பக்கங்களில் 100 × 100 × 100, அதாவது 10 லட்சம் பதிவுகளுள் ஒன்றை எட்டிவிடலாம்! போயிங் நிறுவனத்தில் பணியாற்றிய ரூடால்ஃப் பேயர், எட்வர்ட் மெக்கிரைட் ஆகிய இருவரின் யோசனை இது.

அப்படியானால் எல்லாவற்றுக்கும் பட்டியல் போட்டுவிடலாமே என்பீர்கள். கூடாது. ஒரு பட்டா பெயர் மாறினால் அந்தப் பெயர் இடம்பெற்ற பட்டியல்களையும் திருத்தியாக வேண்டும். தேடுவதில் மிச்சமான நேரம் எழுதுவதில் போய்விடும்.

வேறொரு சிக்கலும் உண்டு. அகராதியை எடுத்து, 'மரம்' என்று முடியும் சொற்களைத் தேடிப் பாருங்கள். புளியமரம், வேப்பமரம்... முழு அகராதியையும் புரட்டாமல் முடியாது. கந்தசாமி, முத்துசாமி, பெரியசாமி என்று நிறைந்த நம் ஊர்களில், 'சாமி' என்று முடியும் பெயர்களைக் கேட்டால் தரவுத்தளமும் அவ்வாறே திணறும். பெயரைத் திருப்பி எழுதி, 'மிசா...' என்று தொடங்கும் தனிப் பட்டியல் ஒன்று வைத்தால் தீர்ந்தது. வேகம் கூட்டுவது என்பது பெரும்பாலும் இத்தகைய எளிய தந்திரமே. புதிய கணிப்பொறி வாங்குவதன்று.

எந்த வழியில் தேடுவது என்பதைத் தரவுத்தளம் தானே முடிவு செய்யும். அதற்கு அட்டவணையில் எத்தனை வரிகள் என்ற கணக்கு வேண்டும். 500 வரி இருந்தபோது எடுத்த கணக்கை 5 லட்சம் ஆன பிறகும் நம்பினால், பட்டியலை விட்டு முழுவதையும் படிக்கக் கிளம்பிவிடும். ஆகவே கணக்கைப் புதுப்பிக்கவும், காலாவதியான வரிகளைத் துப்புரவு செய்யவும், நகலெடுக்கவும் நிர்வாகி ஸ்கிரிப்ட் என்னும் கட்டளைத் தொகுப்பு எழுதி, இரவில் தானே ஓடும்படி வைக்கிறார்.

நான் ஒருமுறை மாணவர் மதிப்பெண்களுக்கு அப்படி ஒன்று எழுதினேன். நாள்தோறும் தவறாமல் ஓடியது. வட்டு பழுதானபோது நகலைத் திறந்தேன். கோப்பின் அளவு 0. சேமிக்குமிடம் நிரம்பிப் பல வாரங்கள் ஆகியிருந்தன. ஸ்கிரிப்ட் அதை ஒரு கோப்பில் ஒவ்வோர் இரவும் எழுதித்தான் வைத்திருந்தது, நான்தான் படிக்கவில்லை. விடைத்தாள்களை வைத்து மதிப்பெண்களை மீண்டும் ஏற்ற மூன்று வாரங்கள் பிடித்தன. இப்போது மாதம் ஒருமுறை, நகலை வேறொரு கணிப்பொறியில் ஏற்றி, வரிகளை எண்ணிப் பார்க்கிறேன்.