பயணத்தில் இழந்ததற்கு நட்டஈடு கேட்கலாமா?

கட்டுக்கரைக் குளத்தின் கீழ் வயல் செய்த குடும்பங்கள் இடம்பெயர்ந்து வாழ்ந்த ஆண்டுகளில், அவற்றுள் பலவற்றுக்குச் சோறு போட்டது நெல் அல்ல. வளைகுடா நாடுகளில் வீட்டுவேலை செய்த பெண்பிள்ளைகள் அனுப்பிய பணமே. காலபோகத்துக்கு விதைநெல் வாங்க அப்பணத்தையே நம்பியிருப்போர் இன்றும் உளர். ஆகவே அப்பிள்ளைகளின் பயணத்தில் நேரும் இழப்பு குடும்பத்தின் இழப்பாகும். அதற்கு நட்டஈடு கேட்க வழியுண்டு என்பதை எம்மவர் பலர் அறியார். விதி என்று விட்டுவிடுகின்றனர்.

குவைத் அனுபவத்தை முதலில் பார்ப்போம். 1990 ஓகஸ்ட் 2ஆம் திகதி ஈராக் குவைத்தை ஆக்கிரமித்தது. பல்லாயிரம் இலங்கையர் சம்பளப் பாக்கியையும் உடைமைகளையும் விட்டு ஊர் திரும்ப நேர்ந்தது. இங்கோ அவ்வாண்டு ஜூனில் போர் மீண்டும் மூண்டிருந்தது. ஒக்டோபரில் மன்னார் முஸ்லிம் மக்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினர். குவைத்திலிருந்து வந்தவர்களில் மன்னார்ப் பெண்கள் பலருக்குத் திரும்பிச் செல்ல வீடே இருக்கவில்லை.

1991இல் ஐக்கிய நாடுகள் சபை ஜெனீவாவில் நட்டஈட்டு ஆணைக்குழு ஒன்றை அமைத்தது. பணம் ஈராக்கின் எண்ணெய் வருமானத்திலிருந்து வந்தது. 1990 ஓகஸ்ட் 2க்கும் 1991 மார்ச் 2க்கும் இடையில் குவைத்தையோ ஈராக்கையோ விட்டு வெளியேற நேர்ந்தவருக்கு 2,500 டொலர், குடும்பமாயின் 5,000. வேறு வகையில் இழப்புக் கோராதவருக்கு இது 4,000, 8,000 என உயர்ந்தது. விண்ணப்பங்களை அரசாங்கங்களே திரட்டிச் சமர்ப்பித்தன. எவ்வளவு இழந்தோம் என்று காட்டத் தேவையில்லை. அங்கிருந்து இன்ன காலத்தில் வெளியேறினோம் என்று காட்டினால் போதும். ஏழைகளை மனத்திற்கொண்ட நல்ல ஏற்பாடு என்றே சொல்வோம்.

ஆனால் அதற்கும் ஒரு துண்டுக் கடதாசி வேண்டுமே! கடவுச்சீட்டை எசமானி பூட்டி வைத்திருந்தால்? கொண்டுவந்த கடதாசிகள் இடம்பெயர்வில் தொலைந்திருந்தால்? அதிகம் இழந்தவரிடமே அத்தாட்சி குறைவாக இருக்கிறது. காணிக்கு உறுதி தேடி அலைந்த எமது விவசாயிகளுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை.

அவ்வாணைக்குழு 2022 ஜனவரியில் இறுதிக் கொடுப்பனவைச் செய்து முடித்தது. மொத்தம் சுமார் 5,240 கோடி டொலர். எனவே குவைத் காசு எடுத்துத் தருகிறேன் என்று இன்று எவராவது முற்பணம் கேட்டால், ஒரு சதமும் கொடுக்க வேண்டாம்.

இன்று அடிக்கடி நேர்வது பெட்டி தொலைவதும் உடைவதுமே. சர்வதேச விமானப் பயணத்துக்கான மொன்றியல் உடன்படிக்கை 2019 முதல் இலங்கையையும் கட்டுப்படுத்துகிறது. சவூதி, குவைத், கட்டார், இந்தியா ஆகிய நாடுகளும் அதில் அடங்கும். விமானத்தில் ஒப்படைத்த பெட்டிக்கு ஒரு பயணிக்கு உச்சவரம்பு 1,519 அலகு. இது சர்வதேச நாணய நிதியத்தின் கணக்கு அலகு. ஏறத்தாழ 2,000 டொலர் வரும். அது உச்சவரம்பு மட்டுமே. இழந்த பொருளின் பெறுமதிக்கு ஏற்பவே கிடைக்கும். ஆகவே நகையையும் பணத்தையும் அப்பெட்டியில் போடாதீர்கள்.

காலக்கெடுவே முக்கியம். பெட்டி உடைந்தோ பொருள் குறைந்தோ வந்தால் கையேற்ற ஏழு நாட்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். தாமதித்து வந்தால், கிடைத்த நாளிலிருந்து 21 நாட்கள். வரவேண்டிய நாளிலிருந்து 21 நாள் கழிந்தும் வராவிட்டால் தொலைந்ததாகக் கொண்டு கோரலாம்.

எமக்குத் தெரிந்த ஒரு சகோதரி, உடைந்த பெட்டியைக் கண்டும், வெளியே வீட்டார் வானோடு காத்திருக்கிறார்களே என்று முறையிடாது வந்துவிட்டார். இரண்டு கிழமை கழித்து எம்மிடம் வந்தார். கடிதம் எழுதினோம், மறுப்பே பதிலாக வந்தது. மூன்று வருட உழைப்பில் வாங்கிய தையல் மெசின் அதில் உடைந்திருந்தது.

ஆகவே கட்டுநாயக்காவில், வெளியே வருமுன்னரே, பொதிகள் பற்றிய கருமபீடத்தில் முறைப்பாட்டைப் பதிந்து அதன் பிரதியைக் கேட்டு வாங்குங்கள். பயணச்சீட்டு, பெட்டிக்கு ஒட்டித் தந்த சிட்டை, பொருள் வாங்கிய பற்றுச்சீட்டு ஆகியவற்றை எறியாதீர்கள். போட்டோப் பிரதியொன்றை ஊரில் அம்மாவிடம் கொடுத்து வையுங்கள். கடிதத்தைப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். ஆங்கிலத்தில் எழுதத் தெரியாதோர் பங்குப் பணிமனைக்கு வரலாம். தட்டச்சுச் செய்து தருவோம். பதில் வராவிடினும் வழக்கிட இரண்டு ஆண்டுகள் அவகாசம் உண்டு.