வயது முதிர்ந்த கினிப் பன்றிக்கு நோய்க்காலப் பராமரிப்பு

முயல், வாத்து, புறா ஆகியவற்றைப் போலக் கினிப் பன்றியையும் குழந்தைகளின் விருப்பத்திற்காக வாங்கி வளர்க்கும் குடும்பங்கள் இன்று பல உள்ளன. சீமைப் பெருச்சாளி என்றும் வழங்கப்படும் இப்பிராணி பன்றி இனத்தைச் சேர்ந்ததன்று. கொறிக்கும் பிராணி வகையைச் சேர்ந்தது. தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைநாடே இதன் தாயகம். பெரு, பொலிவியா, எக்வடார் நாடுகளில் உழவர்கள் இதனை இன்றும் இறைச்சிக்காக வளர்த்து வருகின்றனர். அங்கே சில மாதங்களிலேயே இறைச்சிக்குப் போய்விடுவதால் முதுமை நோய்களைக் காணும் வாய்ப்பு குறைவு. நம் வீடுகளில் செல்லமாக வளரும் கினிப் பன்றியோ ஐந்து முதல் எட்டு ஆண்டுகள் வரை உயிர் வாழும். நான்கு வயதைக் கடந்த பின் பல், சிறுநீர்ப்பை, சினைப்பை, பாதம் என ஒவ்வொன்றாகத் தொல்லைகள் தலைகாட்டத் தொடங்கும்.

“வயதாகிவிட்டது, அதனால்தான் சோர்ந்து கிடக்கிறது” என்று எண்ணி விட்டுவிடுவதாலேயே பிழைத்திருக்க வேண்டிய பல பிராணிகள் இறந்து போகின்றன. முதுமை ஒரு நோயன்று. தீனி எடுக்காமல் ஒரு நாள் கிடந்தாலே கினிப் பன்றியின் உயிருக்கு ஆபத்து என்பதை முதலில் மனதில் கொள்ள வேண்டும்.

தீனி நின்றால் ஏன் ஆபத்து?

மாடு அசை போடாவிட்டால் நாம் உடனே கவலை கொள்கிறோம். கினிப் பன்றிக்கு அசை போடும் வயிறு இல்லை. ஆனால் அதன் பெருங்குடலின் தொடக்கத்தில் உள்ள பெரிய குடற்பையில் கோடிக்கணக்கான நுண்ணுயிர்கள் நார்ச்சத்தைச் செரிக்கச் செய்கின்றன. இரவும் பகலும் சிறிது சிறிதாகப் புல் உள்ளே போய்க்கொண்டிருந்தால்தான் குடல் அசையும். தீனி நின்றால் குடல் அசைவும் நிற்கும். வாயு சேர்ந்து வயிறு உப்பும். கினிப் பன்றியால் வாந்தி எடுக்கவும் இயலாது. கொழுத்த பிராணியாக இருந்தால் உடற்கொழுப்பு கரைந்து ஈரலில் படிந்து நிலைமை மேலும் மோசமாகும். எனவே 12 மணி நேரம் தீனி தொடாவிட்டால் எச்சரிக்கை கொள்ள வேண்டும். 24 மணி நேரம் ஆகும்வரை காத்திருத்தல் கூடாது.

வாரம் ஒருமுறை எடை பாருங்கள்

காட்டில் பிற விலங்குகளுக்கு இரையாக வாழ்ந்த இனமாதலால், கினிப் பன்றி தன் நோயை மறைத்துக் கொள்ளும். நம் கண்ணுக்குச் சோர்வு தெரியும்போது நோய் முற்றியிருக்கும். தராசை மட்டும் அதனால் ஏமாற்ற இயலாது. சமையலறையில் பயன்படும் சிறிய மின்னணுத் தராசின் மேல் ஒரு கிண்ணத்தையோ சிறு பெட்டியையோ வைத்து, வாரந்தோறும் ஒரே நாளில், ஒரே வேளையில் எடை பார்த்து நாட்காட்டியில் குறித்து வாருங்கள். வளர்ந்த பெண் பிராணி 700 முதல் 900 கிராம் வரையிலும், ஆண் 900 முதல் 1,200 கிராம் வரையிலும் இருக்கும். 900 கிராம் எடையுள்ள பிராணி 850 கிராமாகக் குறைந்தால் நாள்தோறும் எடை பார்க்க வேண்டும். பத்தில் ஒரு பங்கு, அதாவது 90 கிராம் குறைந்தால், வெளிப்படையான அறிகுறி ஏதும் இல்லாவிடினும் மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

அறிகுறிகளும் காரணங்களும்

1. தீனியை ஆவலுடன் தேடி வந்து, வாயில் வைத்தபின் கீழே போட்டுவிடும்; தாடை எச்சிலால் நனைந்திருக்கும். இது பல் கோளாறு. கினிப் பன்றியின் 20 பற்களும் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருக்கும். நார்த்தீனி குறைந்தால் கடைவாய்ப் பற்கள் தேயாமல் நீண்டு நாக்கை அழுத்தும். முன்பற்களைப் பார்த்து மட்டும் இதனைக் கண்டுகொள்ள முடியாது. மருத்துவர்தான் கடைவாயைப் பார்த்து, பற்களை ராவிச் சரிசெய்ய வேண்டும்.

2. சிறுநீர் கழிக்கும்போது முதுகை வளைத்துக் கீச்சிடும். சிறுநீரில் இரத்தம் காணும். இது சிறுநீர்ப்பைக் கல்லாகவோ அழற்சியாகவோ இருக்கலாம். சிறுநீர் சற்று வெண்மையாகக் கலங்கியிருப்பது இப்பிராணிக்கு இயல்பே.

3. பெண் பிராணியின் இரு விலாப்புறங்களிலும் ஒரே அளவில் முடி உதிரும், வயிறு பெருக்கும். இது சினைப்பையில் தோன்றும் நீர்க்கட்டி. வயதான பெண் பிராணிகளில் இது மிகவும் சாதாரணமாகக் காணப்படுகிறது.

4. வயதான ஆண் பிராணியின் ஆசனவாய்ப் பையில் புழுக்கை திரண்டு அடைத்துக்கொண்டு நாற்றம் வீசும். வெதுவெதுப்பான நீரில் நனைத்த பஞ்சும் சிறிது தேங்காய் எண்ணெயும் கொண்டு மெதுவாக நெகிழச் செய்து அகற்ற வேண்டும். இது மீண்டும் மீண்டும் ஏற்படுமாதலால் தொடர்ந்து கவனித்து வர வேண்டும்.

5. உள்ளங்கால் சிவந்து, தடித்து, புண்ணாகும். கம்பிவலைத் தரையும் ஈரப் படுக்கையும் அதிக உடற்பருமனும் இதற்குக் காரணங்கள்.

6. மூக்கில் சளி, கண்ணில் பீளை, மூச்சு வாங்குதல் ஆகியவை நுரையீரல் நோயைக் காட்டும். முயல்கள் தாம் நோயுறாமலே இந்நோய்க் கிருமியைச் சுமந்திருக்கக் கூடும். எனவே முயலையும் கினிப் பன்றியையும் ஒரே கூண்டில் வளர்த்தல் கூடாது.

7. நடக்கத் தயங்கும், மூட்டு வீங்கும், முடி பரட்டையாகும், தொட்டால் கத்தும். இது வைட்டமின் ‘சி’ பற்றாக்குறையாக இருக்கலாம்.

இவற்றுடன் புழுக்கையையும் நாள்தோறும் கவனியுங்கள். புழுக்கை சிறுத்து, காய்ந்து, எண்ணிக்கையில் குறைந்திருந்தால் தீனி குறைந்துவிட்டது என்று பொருள்.

கையால் தீனி ஊட்டும் முறை

தானாகத் தின்னாத பிராணிக்கு நாமே ஊட்ட வேண்டும். மருந்து கலக்காத குச்சித் தீவனத்தை வெதுவெதுப்பான நீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, மிக்சியில் அரைத்துக் கூழாக்கிக் கொள்ளவும். ஊசி நீக்கிய 1 மி.லி. அல்லது 2 மி.லி. சிரிஞ்சின் முனையைச் சற்று அகலமாக வெட்டி, ஓரத்தை வழவழப்பாகத் தேய்த்துக் கொள்ளவும்.

பிராணியை ஒரு துண்டில் சுற்றி, மடியில் நிமிர்ந்த நிலையில் அமர்த்தவும். மல்லாக்காகப் பிடித்தல் கூடாது. முன்பற்களுக்குப் பின்னால் உள்ள இடைவெளியில், வாயின் பக்கவாட்டில் முனையை நுழைத்து, அரை மி.லி. அளவு கொடுக்கவும். அது மென்று விழுங்கிய பின்னரே அடுத்த அளவைக் கொடுக்க வேண்டும். அவசரப்பட்டால் கூழ் மூச்சுக் குழாயில் இறங்கி உயிருக்கே ஆபத்தாகும்.

ஒரு கிலோ எடைக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 மி.லி. கூழ் தேவைப்படும். 900 கிராம் எடையுள்ள பிராணிக்கு 45 மி.லி. ஆகிறது. இதனை ஆறு அல்லது ஏழு வேளைகளாகப் பிரித்து, இரவிலும் ஒரு வேளை ஊட்டவும். ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகக் கூழ் தயாரிப்பது நல்லது. கூண்டில் எந்நேரமும் புல் இருக்கட்டும். தானே கொறிக்கத் தொடங்கினால் கூழைச் சிறிது சிறிதாகக் குறைக்கலாம்.

வயிறு முரசு போல் உப்பி விறைத்திருந்தால் கூழ் ஊட்ட வேண்டாம். உடனே மருத்துவரிடம் கொண்டு செல்லவும். மாட்டு உப்புசத்திற்குக் கொடுக்கும் எண்ணெயையும் மருந்து உருண்டையையும் இச்சிறு பிராணியின் வாயில் திணித்தல் கூடாது.

வைட்டமின் ‘சி’ இன்றியமையாதது

ஆடு, மாடு, முயல் ஆகியவை வைட்டமின் ‘சி’யைத் தம் உடலிலேயே தயாரித்துக் கொள்ளும். கினிப் பன்றியால், மனிதனைப் போலவே, அவ்வாறு செய்ய இயலாது. 1907-ஆம் ஆண்டில் நார்வே நாட்டைச் சேர்ந்த ஆக்செல் ஹோல்ஸ்ட், தியோடர் ஃப்ரோலிக் ஆகிய இருவரும் கினிப் பன்றிகளுக்குத் தானியத்தை மட்டும் கொடுத்து, கடலோடிகளைக் கொன்றுவந்த ஸ்கர்வி நோய் அவற்றிலும் தோன்றுவதைக் கண்டனர். அந்நோயின் காரணத்தை அறிய அதுவே வழிவகுத்தது.

நல்ல நிலையில் உள்ள பிராணிக்கு நாளொன்றுக்கு 10 முதல் 20 மில்லிகிராம் போதும். நோயுற்ற காலத்தில் கிலோ எடைக்கு 30 முதல் 50 மில்லிகிராம் வரை தேவைப்படும். 15 கிராம் எடையுள்ள ஒரு துண்டுக் கொய்யாப்பழத்தில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் உள்ளது. குடைமிளகாய், கொத்தமல்லித் தழை ஆகியவையும் நல்லவை. முருங்கைக் கீரையிலும் அகத்திக் கீரையிலும் வைட்டமின் ‘சி’ மிகுதிதான். ஆனால் சுண்ணாம்புச் சத்தும் மிகுந்திருப்பதால், சிறுநீர்க் கல் தோன்றும் வயதில் இவற்றை எப்போதாவது ஓரிரு கொத்து மட்டும் கொடுக்கலாம். குதிரை மசாலையும் இக்காரணத்தால் முதிர்ந்த பிராணிக்குத் தவிர்க்க வேண்டும்.

தின்ன மறுக்கும் பிராணிக்கு மாத்திரை உதவும். 500 மில்லிகிராம் மாத்திரை ஒன்றைப் பொடித்து 20 மி.லி. நீரில் நன்கு கலக்கினால், ஒரு மி.லி.யில் 25 மில்லிகிராம் இருக்கும். இதில் ஒன்று முதல் ஒன்றரை மி.லி. வரை கொடுத்து, எஞ்சியதைக் கொட்டிவிடவும். மறுநாளைக்கு வைத்தால் சத்து அழிந்துவிடும். குடிநீர்ப் பாத்திரத்தில் கலப்பதாலும் பயனில்லை. முயலுக்கான தீவனத்தில் கினிப் பன்றிக்கு வேண்டிய வைட்டமின் ‘சி’ இராது என்பதையும் நினைவில் கொள்ளவும்.

கையில் உள்ள மருந்தைக் கொடுக்காதீர்

ஆட்டுக்கும் கோழிக்கும் வாங்கிய மருந்து வீட்டில் மீதி இருக்கும். “சிறிய பிராணிதானே, கொஞ்சமாகக் கொடுத்தால் போகிறது” என்று தோன்றும். இங்கேதான் பெருந்தவறு நேர்கிறது. பெனிசிலின், ஆம்பிசிலின், அமாக்சிசிலின், லின்கோமைசின், எரித்ரோமைசின் ஆகியவை கினிப் பன்றிக்கு நஞ்சாக முடியும். குடலில் உள்ள நல்ல நுண்ணுயிர்களை இவை அழித்துவிட, ஆடுகளில் துள்ளுமாரி நோயை உண்டாக்கும் கிருமியின் குடும்பத்தைச் சேர்ந்த வேறொரு கிருமி பெருகி நஞ்சைக் கக்கும். கழிச்சல் கண்டு சில நாட்களில் பிராணி இறந்துவிடும்.

1940-ஆம் ஆண்டு மே மாதம் ஆக்ஸ்ஃபோர்டில் ஹோவர்ட் ஃப்ளோரி குழுவினர் பெனிசிலினைச் சுண்டெலிகளில் சோதித்து வெற்றி கண்டனர். பெனிசிலின் கினிப் பன்றிகளைக் கொல்வது 1943-இல் வெளியாயிற்று. முதற் சோதனையைக் கினிப் பன்றியில் செய்திருந்தால் அரியதொரு மருந்து கைவிடப்பட்டிருக்கக் கூடும். மனிதனைக் காக்கும் மருந்தே இதனைக் கொல்லும் என்பதற்கு வேறு சான்று தேவையில்லை.

கிருமிக் கொல்லி மருந்து தேவையெனில், எடைக்கேற்ற அளவில் பொருத்தமான மருந்தை மருத்துவரே தேர்ந்தெடுக்க வேண்டும். மருந்து கொடுக்கும் நாட்களில் கழிச்சல் கண்டால் உடனே அவருக்குத் தெரிவிக்கவும். மனிதர்களுக்கான வலி மாத்திரைகளையும், மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் மருந்துகளையும் பயன்படுத்த வேண்டாம்.

இருப்பிடம்

நோயுற்ற பிராணிக்கு நான்கு புறமும் தாழ்ந்த தடுப்புள்ள, மேடு பள்ளமற்ற தரை போதும். செய்தித்தாள் விரித்து, அதன்மேல் பழைய பருத்தித் துணியும் மென்மையான உலர் புல்லும் பரப்பவும். நாள்தோறும் இரு முறை மாற்றி ஈரமின்றி வைக்கவும். நீரும் புல்லும் தலையைத் தூக்காமலே எட்டும் உயரத்தில் இருக்கட்டும். மருந்து தெளிக்காத நிலத்து அருகம்புல், கினிப்புல், கொழுக்கட்டைப் புல் ஆகியவற்றைக் கொடுக்கலாம்.

18 முதல் 24 டிகிரி செண்டிகிரேடு வெப்பமே இதற்கு உகந்தது. 30 டிகிரியைத் தாண்டினால், அதிலும் முதிர்ந்த பிராணிக்கு, வெப்ப அதிர்ச்சி ஏற்படலாம். கோடையில் தகரக் கூரையின் கீழ் வைக்காமல், காற்றோட்டமான அறையில், படுக்கைக்கு அருகே ஈரமண் பானையோ குளிர்ந்த தரை ஓடோ வைக்கவும். மூச்சிரைத்து, எச்சில் ஒழுக நீட்டிப் படுத்தால் சாதாரண நீரில் நனைத்த துணியால் காதையும் பாதத்தையும் துடைத்து, மருத்துவரிடம் விரைந்து செல்லவும். பனிக்கட்டி வேண்டாம். மார்கழிக் குளிரில் வெந்நீர்ப் புட்டியைத் துணியில் சுற்றி ஒரு மூலையில் வைத்தால், வேண்டும்போது அதன் அருகே வந்து படுக்கும்.

கினிப் பன்றி கூட்டமாக வாழும் பிராணி. நோய் தொற்றக் கூடியதன்று என்று மருத்துவர் சொன்னால் அதன் துணையைப் பிரிக்க வேண்டாம். தொற்றும் நோயெனில் காற்றும் சளியும் பரவாத தூரத்தில் தனியே வைக்கவும்.

மருத்துவரிடம் செல்லும்போது

அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தில் முதலில் காட்டவும். நாமக்கல், ஒரத்தநாடு, திருநெல்வேலி போன்ற ஊர்களில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரிகளின் மருத்துவமனைகளையும் நாடலாம். காற்றுத் துளையுள்ள பெட்டியில், புல்லுடன், வெயில் ஏறும் முன் கொண்டு செல்லவும். எடைக் குறிப்பையும் அன்றைய புழுக்கையையும் உடன் எடுத்துச் செல்லவும். என்ன மருந்து ஏற்கெனவே கொடுத்தீர்கள் என்பதை மறைக்காமல் சொல்லுங்கள்.

எவ்வளவு செய்தும் சில பிராணிகள் தேறுவதில்லை. ஊட்டிய கூழையும் விழுங்காமல், வலியால் பல்லை நெரித்துக்கொண்டு, எழ முடியாமல் கிடந்தால், துன்பமின்றி முடிவு தரும் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேட்பது இரக்கமற்ற செயலாகாது. அதனை வளர்த்த குழந்தைகளிடமும் உண்மையைச் சொல்லி, அவர்கள் முன்னிலையிலேயே ஆழக் குழி தோண்டிப் புதைக்கலாம்.

ஓர் ஆட்டுக்குட்டியின் விலைகூடப் பெறாத பிராணிக்கு இவ்வளவு பாடா என்று சிலர் கேட்கலாம். வாரம் ஒருமுறை தராசு, நாள்தோறும் ஒரு துண்டுக் கொய்யா, புழுக்கையின் மேல் ஒரு கண் ஆகிய மூன்றிற்கும் செலவென்று சொல்ல அதிகமில்லை. இவற்றைக் கடைப்பிடித்து, மீதி மருந்தைக் கையில் எடுக்காமல் இருந்தாலே, உங்கள் வீட்டுக் கினிப் பன்றி தன் முதிய நாட்களையும் நலமுடன் கழிக்கும்.