எல்லையோரம் – 9: புளியோதரையில் ஒரு புலி

2018-இல் அமெரிக்காவில் வெளிவந்து நன்றாக விற்ற படப்புத்தகம் ‘பி இஸ் ஃபார் டெரொடாக்டில்’. எழுதியவர்கள் ராஜ் ஹால்தார், கிறிஸ் கார்ப்பென்டர்; படம் வரைந்தவர் மரியா பெடியா. இதைவிட மோசமான அரிச்சுவடி கிடையாது என்று அட்டையிலேயே தம்பட்டம் அடித்துக்கொள்ளும். எழுத்தில் இருந்துகொண்டு வாயில் வராமல் டிமிக்கி கொடுக்கும் எழுத்துகள்தான் அதன் கதாநாயகர்கள்.

தமிழில் அப்படி ஊமை எழுத்துகள் இல்லை. நம் பிள்ளைகளைப் படுத்துவது ல, ள, ழ. ஓசூர்ப் பக்கம் கர்நாடக எல்லையோரம் இருக்கும் தளியில் ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்கு அது மும்மொழிச் சிக்கல். வெள்ளைக்காரர்கள் குளிரில் மயங்கி ‘லிட்டில் இங்கிலாந்து’ என்று அழைத்த இந்த ஊரின் கடைத்தெருவில் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது எல்லாம் புழங்கும்.

தமிழில் கோழி. தெலுங்கு வீட்டில் அது கோடி. கன்னட வீட்டில் கோளி. ஏழும் இப்படித்தான்: ஏடு, ஏளு. கன்னடத்திலும் ஒரு காலத்தில் ழகரம் தனி எழுத்தாக இருந்து, பிறகு வழக்கொழிந்தது. ஆக, ‘கோளி’ என்று எழுதிச் சிவப்பு மைச் சுழி வாங்கும் பிள்ளை கவனமில்லாமல் எழுதவில்லை. வீட்டில் அம்மா சொல்கிறபடி எழுதியிருக்கிறது. தமிழ்த் தேர்வில் அது பிழைதான், மதிப்பெண்ணை விட்டுக்கொடுக்கச் சொல்லவில்லை. ஆனால் அந்த அமெரிக்கப் புத்தகம்போல் இங்கேயும் ஒன்று செய்து, ‘ஒரு கோழி ஒரு கோடியா?’ என்று ஒரு பக்கமும், ஓலைச்சுவடியை எண்ணும் தாத்தா ஏடா, ஏழா என்று தடுமாறுவதாக இன்னொரு பக்கமும் வரைந்து கொடுத்தால், அதே பிழை வகுப்புக்கே விடுகதை ஆகிவிடும்.

புலி இன்னும் நல்ல சரக்கு. தமிழில் புலி, புளி. கன்னடத்தில் ஹுலி என்றால் புலி, ஹுளி என்றால் புளிப்பு. ஜோடி குலையவில்லை, முதலெழுத்துதான் மாறியிருக்கிறது. பால் ஹாலு, பூ ஹூவு, பல் ஹல்லு என்று அடுக்கிக் காட்டினால் விதியைப் பிள்ளைகளே கண்டுபிடித்துவிடுவார்கள். தெலுங்கில்தான் வேடிக்கை: அங்கே புளியோதரைக்குப் பேர் புலிஹோர. கோயிலில் வாங்கிய தொன்னைக்குள்ளிருந்து ஒரு வால் எட்டிப்பார்ப்பதாக வரையாமல் எந்த ஓவியராலும் இருக்க முடியாது.

வீட்டில் வேறு மொழி பேசும் இந்தப் பிள்ளைகளும் தமிழ்த் தேர்வு எழுதுவதற்குக் காரணம் உண்டு: 2006-ஆம் ஆண்டின் தமிழ்நாடு தமிழ் கற்றல் சட்டப்படி, 2006-07இல் ஒன்றாம் வகுப்பில் தொடங்கித் தமிழ் படிப்படியாகக் கட்டாயப் பாடமானது. ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் தெலுங்கு, கன்னட, உருது வழிப் பள்ளிகள் உண்டு. மொழிச் சிறுபான்மையினரின் வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. அந்த வழக்குக்குள் நான் போகவில்லை. என் குறை ஒன்றுதான்: பேச்செல்லாம் தேர்வுத்தாளைச் சுற்றியே இருக்கிறது, பிள்ளை கையில் என்ன புத்தகம் கொடுப்பது என்பதில் அந்தச் சூடு இல்லை.

சென்னைத் துளிகா பதிப்பகம் இருமொழிப் படப்புத்தகங்கள் போடுகிறது. பெங்களூரு பிரதம் புக்ஸ் 2015-இல் தொடங்கிய ஸ்டோரிவீவரில் ஒரே கதை பல மொழிகளில் இலவசமாகக் கிடைக்கிறது. இரண்டும் நல்ல வேலை. ஆனால் கதையைப் பெயர்ப்பதுபோல் சொல்விளையாட்டைப் பெயர்த்துவிட முடியாது. மூன்று மொழியும் காதில் விழும் ஊரில்தான் அதைச் செய்தாக வேண்டும். ஸ்டோரிவீவரில் உள்ள படங்களை எடுத்து யாரும் புதுக்கதை கோக்கலாம், உரிமம் அப்படி. தளி ஆசிரியர் ஒருவர் உட்கார்ந்தால் பதினாறு பக்கம் தேறும். ஒரே ஒரு தகராறு வரும்: ஹுலியைத் தமிழில் எழுத ‘ஹ’ வேண்டும், கிரந்தம் கூடாது என்பவர்கள் சண்டைக்கு வருவார்கள். வரட்டும், அவர்களுக்கும் ஒரு பக்கம் ஒதுக்கலாம்.

(தொடரும்)