குப்பையும் கூட்டெருவும்

இந்த வாரம் ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். 'குப்பை' என்றால் இன்று நமக்கு வேண்டாத பொருள். சங்கப் புலவர்களுக்கோ அது குவியல் என்ற பொருளையே தந்தது. களத்தில் குவித்த நெல்லும் உமணர் குவித்த உப்பும் அவர்கள் பாட்டில் குப்பைகளே. யாழ்ப்பாணத்துக் கமக்காரர் தோட்டத்தில் பரவும் மாட்டெருவையும் குப்பை என்றே சொல்வர். ஆக, ஒரே சொல் செல்வத்தையும் குறிக்கிறது, கழிவையும் குறிக்கிறது. ஒன்று மற்றதாக மாறுவது எப்படி என்பதே இன்றைய பேச்சு.

இங்கிலாந்தில் நகரவாசிகளுக்கு நகரசபைகள் சிறு துண்டு நிலங்களை வாடகைக்குக் கொடுக்கின்றன. 1908ஆம் ஆண்டின் சட்டமொன்று அதற்கு வழிசெய்தது. அங்கு வாழும் நம்மவர் சிலரும் அத்தகைய நிலத்தில் கீரையும் பூசணியும் போடுகிறார்கள். குளிர்காலம் கழிந்ததும் மண்ணைக் கிளறி, முந்திய ஆண்டின் எருவைப் பரவுவது அவர்களுடைய வசந்தகால வேலை. கொழும்பில் அப்படியொரு வசந்தம் இல்லை. ஆயினும் அதற்கு நிகரான ஒரு பருவம் நமக்கும் உண்டு. பங்குனி வெயிலில் மண் காய்ந்து கிடக்கும். சித்திரையில் பின்னேரங்களில் இடியோடு மழை வரும். வைகாசியில் தென்மேற்குப் பருவமழை தொடங்கிவிடும். அதற்கு முந்திய சில வாரங்களே நிலத்தைப் பண்படுத்தும் காலம்.

பாமன்கடையிலும் வெள்ளவத்தையிலும் மாடிவீடுகள் நெருங்கிவிட்டன. இருந்தாலும் மதிலோரத்தில் நான்கு முழ நிலம், கிணற்றடியில் ஒரு வாழை, மொட்டைமாடியில் பத்துச் சட்டிகள் என்று ஏதோ ஒன்று பல வீடுகளில் எஞ்சியிருக்கிறது. வெள்ளவத்தை என்ற பெயர் மணற்பாங்கான தோட்டம் என்னும் சிங்களப் பொருளுடையது என்பர். மணல் நிலம் தண்ணீரையும் பிடித்து வைக்காது, பசளையையும் பிடித்து வைக்காது. பெய்கிற மழை இரண்டையும் கழுவிக்கொண்டு போய்விடும். அந்த மணலுக்குப் பஞ்சுபோல நின்று ஈரத்தைக் காப்பது கூட்டெருதான்.

திருக்குறளின் உழவு அதிகாரத்தில் இரண்டு குறள்கள் அருகருகே நிற்கின்றன. உழுத புழுதியைக் காற்பங்காகும்வரை காயவிட்டால் ஒரு பிடி எருவும் வேண்டாம் என்பது ஒன்றின் கருத்து. உழவைக் காட்டிலும் எருவிடுதலே நல்லது என்பது அடுத்ததன் கருத்து. மேலோட்டமாகப் பார்த்தால் இவை முரண்பட்டவை. ஆனால் இரண்டும் மண்ணின் உயிரைப் பற்றியே பேசுகின்றன என்று கொள்ளலாம். கிளறிக் காயவிட்ட மண்ணில் காற்று நுழைகிறது. எருவிட்ட மண்ணில் கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிர்களுக்கு உணவு கிடைக்கிறது. காற்றும் உணவும் சேர்ந்தால்தான் மண் விளையும்.

இந்த உண்மையை ஒரு முறையாக வகுத்தவர்களுள் முக்கியமானவர் ஆல்பர்ட் ஹோவார்ட் என்ற ஆங்கிலேயர். 1905இல் இந்தியாவுக்கு வந்த அவர், 1924 முதல் 1931 வரை இந்தூரில் பணியாற்றினார். கற்பிக்க வந்தவர் கமக்காரரிடம் கற்றுக்கொண்டார். பயிர்க்கழிவையும் சாணத்தையும் அடுக்கி, கிளறி, எருவாக்கும் அவருடைய வழி 'இந்தூர் முறை' என்று உலகெங்கும் பெயர்பெற்றது.

அதையே நமது வளவுக்கு ஏற்பச் செய்வது ஒரு காலைப்பொழுது வேலை. வெயில் ஏறுமுன் தொடங்குவது நல்லது. மூன்றடி நீள, அகல, உயரமுள்ள குவியல் வேண்டும். அதிலும் சிறிதானால் உள்ளே சூடு நிற்காது. அடியில் சுள்ளிகளைப் பரப்பினால் காற்று போகும். மேலே மா, பலா இலைச் சருகு ஒரு படை. மரக்கறித் தோலும் வெட்டிய புல்லும் ஒரு படை. இடையிடையே சாணக் கரைசலோ பழைய எருவோ சிறிது. சருகில் கரிமம் மிகுதி, பச்சைக் கழிவில் நைதரசன் மிகுதி. முப்பது பங்கு கரிமத்துக்கு ஒரு பங்கு நைதரசன் என்பது கணக்கு. பச்சை கூடினால் நாறும். சருகு கூடினால் மாதக்கணக்கில் அப்படியே கிடக்கும். ஒரு பிடியை அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி நீர் கசிய வேண்டும்.

சில நாட்களில் குவியலின் நடுப்பகுதி 55 முதல் 65 பாகை வரை சூடேறும். களைவிதைகளும் நோய்க்கிருமிகளும் அந்தச் சூட்டில் அழியும். வாரம் ஒருமுறை புரட்டிவிட்டால் இரண்டு மூன்று மாதத்தில் மழைமண் வாசனையுள்ள கரிய எரு கிடைக்கும். மீன், இறைச்சி, எண்ணெய்ச் சோறு ஆகியவற்றைப் போட்டால் எலி வரும். சிரட்டையையும் தயிர்ச்சட்டியையும் அருகே மல்லாத்திப் போட்டால் நுளம்பு வரும். 2017ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 186,000 பேருக்கு மேல் டெங்கு கண்டது என்பதை மறந்துவிடலாகாது. குவியல் வேலை முடிந்ததும், முந்திய எருவைச் சலித்துப் பாத்தியில் கலந்து, பயிற்றையும் வெண்டியும் ஊன்றலாம். ஈரமான மூலையில் வல்லாரையை வைக்கலாம்.

அதே 2017இல், ஏப்ரல் 14ஆம் திகதி, புத்தாண்டு நாளன்று மீதொட்டமுல்லைக் குப்பைமேடு சரிந்தது. வீடுகள் புதைந்தன. குறைந்தது 32 பேர் மாண்டனர். 'குப்பை உயரும், கோபுரம் தாழும்' என்ற பழமொழியை நாம் உவமையாக மட்டுமே கேட்டிருந்தோம். அங்கே குப்பை உண்மையாகவே மலையாக உயர்ந்து நின்றது. நமது நகரக் கழிவில் அரைவாசிக்கு மேற்பட்டது உக்கக்கூடிய பொருள், பெரும்பாலும் நமது குசினிகளிலிருந்து போனது. பாத்தியில் எருவாகக்கூடிய அதே தோலும் சக்கையும் பொலித்தீனோடு கலந்து, காற்றில்லாமல் அமுங்கி, மழைநீரில் ஊறி, எரியக்கூடிய மீதேன் வாயுவை வெளியிட்டபடி கிடந்தன. பிரித்து வைக்கும் கையும் காற்றும் அவற்றுக்குக் கிடைக்கவில்லை.

இன்னொரு பாடம் 2021இல் கிடைத்தது. அந்த ஆண்டு மே மாதத்தில் இரசாயனப் பசளை இறக்குமதி திடீரெனத் தடைசெய்யப்பட்டது. விளைச்சல் வீழ்ந்தது, நவம்பரில் தடை நீங்கியது. யூரியாவில் நூற்றுக்கு 46 பங்கு நைதரசன். கூட்டெருவில் பொதுவாக ஒன்றிரண்டு பங்கே. ஒரு நாடு முழுவதற்கும் வேண்டிய எருவை ஒரு போகத்துக்குள் ஆக்கிவிட முடியாது. சேதனப் பசளை ஆண்டுதோறும் சிறிது சிறிதாக மண்ணைத் திருத்துவது. அதன் வேகத்துக்கு நாம்தான் இசைய வேண்டும். 2022இல் உணவு நெருக்கடி முற்றியபோது, வீட்டுத்தோட்டம் செய்யட்டும் என்று அரச ஊழியருக்கு வெள்ளிக்கிழமை விடுமுறை கொடுக்கப்பட்டது. விடுமுறையை ஒரு நாளில் கொடுக்கலாம். அந்த நேரத்தில் ஏற்கனவே எரு வைத்திருந்த வளவுகளே முதலில் விளைந்திருக்கும்.

நேயர்களே, நிலமில்லாத மாடிவீட்டுக்காரரும் இதைச் செய்யலாம். பக்கத்தில் துளையிட்ட ஒரு மூடிவாளி, ஒரு பை சருகு போதும். மரக்கறித்தோல் ஒரு பிடி விழும்போதெல்லாம் சருகு இரண்டு பிடி விழட்டும். வாளி நிறைந்தால் மூடிவைத்து அடுத்த வாளியைத் தொடங்குங்கள். வைகாசி மழைக்கு முன் தொடங்கினால் ஆவணியில் ஒரு சட்டி கீரைக்குப் போதிய எரு கையில் இருக்கும். குப்பைவண்டிக்குப் போகும் பையும் பாதியாகக் குறைந்திருக்கும்.