கெண்டைக்கால் பிடிப்புக்கு ஜப்பான் கஷாயமா?

"டாக்டரே, ராத்திரி உறங்க முடியல்ல. கெண்டைக்கால் உருண்டு பிடிச்சு உசிரு போகுது." குழித்துறையில் விடியுமுன் ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களும், பிரஷர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களும் சொல்வது இது. சமீபமாக இன்னொன்றும் சேர்ந்திருக்கிறது: "ஜப்பான்ல இதுக்கு அதிமதுரம்தானாம். மாசக்கணக்கா குடிக்கேன்." வரும்போது பிரஷர் எகிறி, பாதம் வீங்கி, படியேறத் தெம்பில்லாமல் வருகிறார்கள்.

ஜப்பானில் உள்ளது என்ன?

ஷாக்குயாக்கு கான்ஸோ தோ என்ற அந்தக் கஷாயம் பழைய சீன மருத்துவ நூலிலிருந்து ஜப்பானின் கம்போ மருத்துவத்துக்கு வந்தது. பியோனிச் செடியின் வேரும் அதிமதுரமும் சம அளவு. நாளொன்றுக்கு இரண்டிலும் தலா 6 கிராம். கல்லீரல் சுருக்கம் உள்ளவர்களுக்கும் டயாலிசிஸ் செய்பவர்களுக்கும் வரும் பிடிப்புக்கு அங்கே டாக்டர்கள் எழுதிக் கொடுக்கிறார்கள். சிறு ஆய்வுகளில் பலனும் தெரிந்திருக்கிறது. நான் அதைக் குறை சொல்லவில்லை.

"நாட்டு மருந்துதானே, என்ன செய்துவிடும்?"

நிறையச் செய்யும். அதிமதுரத்திலுள்ள கிளிசிரைசின் உடலில் உப்பைத் தேக்கி, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றுகிறது. பொட்டாசியம் குறைந்தால் தசை தளரும், பிடிப்பு கூடும், இதயத் துடிப்பே தடுமாறும். எந்த வலிக்காகக் குடித்தீர்களோ அதையே வளர்க்கிறீர்கள். பொட்டாசியம் குறைந்தவர்களுக்கு அந்தக் கஷாயம் கூடாது என்று ஜப்பானிய மருந்துக் குறிப்பே சொல்கிறது. நீர் பிரியும் மாத்திரை சாப்பிடுகிறவர்கள் பலருக்கு இழப்பு இன்னும் கூடும். பியோனி வேர் இங்கே எளிதில் கிடைக்காததால் அதிமதுரப் பொடியை மட்டும் கரண்டி கரண்டியாகக் குடிக்கிறார்கள். அது அந்த மருந்தே இல்லை! இருமலுக்குச் சித்த வைத்தியர் அளந்து சில நாள் கொடுப்பது வேறு, தானாக மாதக்கணக்கில் விழுங்குவது வேறு.

"எண்ணெய் போட்டு உருவினால் போதும்"

ஒரு கால் மட்டும் வீங்கி, சூடாக, சிவந்திருந்தால் தயவுசெய்து உருவாதீர்கள். உள்ளே ரத்தம் உறைந்திருக்கலாம். அந்தக் கட்டி நகர்ந்து நுரையீரலை அடைத்தால் உயிருக்கே ஆபத்து. நடந்தால் வலித்து, நின்றால் விடுகிற வலியும் வெறும் பிடிப்பல்ல, ரத்தக்குழாய் அடைப்பாக இருக்கலாம். பிடிப்புக்குச் சிலர் குடிக்கும் உப்புப் போட்ட எலுமிச்சைச் சாறு வெயிலில் வியர்த்து உழைப்பவருக்கு உதவும், பிரஷர்காரருக்கு உதவாது. மலேரியாவுக்கான குயினைன் மாத்திரையைக் கால் பிடிப்புக்குக் கேட்டு வாங்குகிறவர்களும் உண்டு. ரத்தத் தட்டணுக்களை அபாயமாகக் குறைக்கக்கூடியது அது.

பரிசோதனை

பிடிப்பு அடிக்கடி வந்தால் ரத்தத்தில் பொட்டாசியம், சர்க்கரை, சிறுநீரகச் செயல்பாடு, தைராய்டு ஆகியவற்றைப் பார்க்க வேண்டும்.

பிடிக்கும்போது

முழங்காலை நீட்டி, கால்விரல்களை உங்களை நோக்கி இழுத்துப் பிடியுங்கள். படுக்குமுன் சுவரில் கையூன்றி, குதிகால் தரையில் பதிய, கெண்டைக்காலை நீட்டிப் பழகுங்கள். 55 வயது தாண்டியவர்களிடம் நெதர்லாந்தில் நடந்து 2012இல் வெளியான ஆய்வில், ஆறு வாரம் இப்படிச் செய்தவர்களுக்கு இரவுப் பிடிப்பு குறைந்தது. காசு செலவில்லை, பக்கவிளைவும் இல்லை.

பிரஷர், சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் யார் சொன்னாலும் அதிமதுரத்தைத் தினமும் குடிக்காதீர்கள், கேட்டுக்கொள்கிறேன். ஏற்கெனவே குடித்திருந்தால் மறைக்க வேண்டாம். பொட்டலத்தையும் சாப்பிடும் மாத்திரைகளையும் எடுத்துக்கொண்டு இந்த வாரமே டாக்டரிடம் போங்கள்.