பால் பொங்குவதற்கு முன்

அம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி வந்த நாளில் எங்கள் வீட்டில் குக்கர் வைக்கக் கூடாது. விசில் சத்தம் ஆகாது. "தலைக்குள்ளயே ஒரு குக்கர் ஏறிக்கிட்டிருக்கு, இதுல அது வேறயா" என்பாள். நெற்றிப்பொட்டு விண்விண்ணென்று தெறிக்கும். பழைய புடவைத் துண்டால் தலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு, சுக்குப் பற்று போட்டு, ஜன்னலைச் சாத்திவிட்டுச் சுவரைப் பார்த்துப் படுத்துவிடுவாள். இறுக்கிக் கட்டினால் உள்ளே ஏறுவது அடங்கும் என்பது அவள் கணக்கு.

மருத்துவர்களும் நெடுநாள் அதே கணக்கைத்தான் போட்டார்கள். 1938இல் அமெரிக்காவில் ஜான் கிரஹாம், ஹரோல்ட் உல்ஃப் என்ற இருவர் நோயாளிகளுக்கு எர்கோடமின் என்ற மருந்தைக் கொடுத்துப் பார்த்தார்கள். நெற்றிப்பொட்டு ரத்தக்குழாயின் துடிப்பு குறையக் குறைய வலியும் குறைந்தது. ரத்தக்குழாய் புடைப்பதுதான் வலி என்று அதன்பின் பல பத்தாண்டுகள் பாடம் நடந்தது. குக்கர் கதைதான், கொஞ்சம் படித்தவர்கள் சொன்னது.

அது பெரும்பாலும் தவறு. வலி இருக்கும்போதே எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது மண்டையோட்டுக்கு வெளியே உள்ள குழாய்கள் விரிந்திருக்கவில்லை. இன்னொரு ஆய்வு எனக்கு மிகவும் பிடித்தது. தலை தெறிக்கும் வேகத்துக்குத் தகுந்தபடி நோயாளியைத் தட்டிக் காட்டச் சொல்லி, அதை நாடியோடு ஒப்பிட்டார்கள். இரண்டும் ஒத்துப்போகவில்லை. நாடி ஒரு தாளம், தெறிப்பு வேறொரு தாளம். ஆகவே குக்கரை இறக்கி வைத்துவிட்டு, அடுப்படியில் வேறு பாத்திரம் தேடுவோம்.

முதலில் பச்சை மிளகாய். ஊறுகாய்க்காக அரைக்கிலோ மிளகாய் கீறியவர்களுக்கு இது தெரியும். வேலை முடிந்து கொஞ்ச நேரத்தில் விரல்கள் எரியத் தொடங்கும். ஒரு கீறல்கூட இருக்காது, ஆனாலும் தோல் சிவந்து சூடாக இருக்கும். வெதுவெதுப்பான தண்ணீர் பட்டால் கொதிநீர் ஊற்றியதுபோல் இருக்கும். மிளகாயில் உள்ள காப்சைசின் நரம்பு நுனியில் போய் 'நெருப்பு' என்று பொய் சொல்கிறது. நரம்பு அந்தச் செய்தியை மூளைக்கு அனுப்புவதோடு நிற்பதில்லை. தன் நுனியிலிருந்து சில வேதிப்பொருட்களையும் அங்கேயே கசியவிடுகிறது. சிவப்பும் சூடும் அதனால்தான். கசிகிறவற்றில் முக்கியமான ஒன்றின் பெயர் சி.ஜி.ஆர்.பி.

இது வெறும் உவமை அல்ல. ஒற்றைத் தலைவலியில் கசிவதும் இதே சி.ஜி.ஆர்.பி.தான். மூளைச் சதைக்கு வலி தெரியாது. அதைச் சுற்றிப் போர்த்தியிருக்கும் உறைக்குத் தெரியும். அந்த உறையில் வந்து முடிகிறது முக்கிளை நரம்பு. அதன் ஒரு கிளை கண்ணுக்கும் நெற்றிக்கும், இன்னொன்று கன்னத்துக்கும் மேல்தாடைக்கும், மூன்றாவது கீழ்த்தாடைக்கும் போகிறது. உறையில் எரிந்தாலும் கண்ணுக்குப் பின்னால் குத்துவதும் கன்ன எலும்பு கனப்பதும் இதனால்தான். சிலருக்குக் கண்ணில் நீர் வடிந்து மூக்கும் அடைக்கும். 'எனக்கு சைனஸ்' என்று வருடக்கணக்கில் ஆவி பிடிப்பவர்களில் பலருக்கு இருப்பது ஒற்றைத் தலைவலியே.

1990இல் பீட்டர் கோட்ஸ்பி, லார்ஸ் எட்வின்சன் குழுவினர் வலி உச்சத்தில் இருந்தவர்களின் கழுத்துச் சிரையிலிருந்து ரத்தம் எடுத்துப் பார்த்து, சி.ஜி.ஆர்.பி. அளவு ஏறியிருந்ததைக் கண்டார்கள். 2002இல் கோபன்ஹேகனில் தலைகீழாகச் செய்து பார்த்தார்கள்: ஒற்றைத் தலைவலிக்காரர்களுக்கு அதையே ரத்தத்தில் ஏற்றினார்கள். சிலருக்குச் சில மணி நேரத்தில் வழக்கமான தலைவலி அப்படியே வந்தது. இந்தத் துறையில் செய்த பணிக்காக 2021இல் கோட்ஸ்பி, எட்வின்சன் உட்பட நால்வருக்கு 'மூளைப் பரிசு' கிடைத்தது.

மிளகாய்க் கைக்கு வெதுவெதுப்பே கொதிநீர் ஆவதுபோல, வலி ஏறிய பின் சீப்பு தலையில் படக் கூடாது, தோடு கனக்கும், தலையணையின் மடிப்பு உறுத்தும். எரிச்சல் உறையோடு நிற்காமல் உள்ளே இருக்கும் நரம்பணுக்களுக்கும் தொற்றிவிட்டது என்பதற்கு அடையாளம் அது. அந்தக் கட்டத்துக்குப் போய்விட்டால் மாத்திரையின் பிடி தளர்ந்துவிடும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், மாத்திரைப் பேச்சு வரும்போது தேவைப்படும்.

சரி, உறையில் போய் மிளகாயைத் தேய்த்தது யார்? இங்கேதான் பால் வருகிறது.

தண்ணீர் கொதித்தால் கொதிக்கும், அவ்வளவுதான். பால் பொங்கும். மேலே ஆடை படிந்து, அடியிலிருந்து வரும் ஆவி வெளியேற வழியில்லாமல் நுரையைத் தூக்கிக்கொண்டு ஏறும். அடுப்பு ஒன்றுதான், நெருப்பும் ஒன்றுதான். பாத்திரத்தில் இருப்பதுதான் வேறு. ஒரே கல்யாண வீட்டில், ஒரே தூக்கக் கேட்டில், ஒரே நாதஸ்வர மைக் முன்னால் உட்கார்ந்த இருவரில் ஒருத்திக்கு மட்டும் மறுநாள் தலை பிளக்கிறது. அவள் பலவீனமானவள் என்பதல்ல. அவள் மூளை பால், மற்றவள் மூளை தண்ணீர். இது குடும்ப வழியாக வருவது. எங்கள் வீட்டில் அம்மா பால், அப்பா தண்ணீர், நான் பால்.

பால் பொங்குவது ஒரு கணத்தில் நடப்பதுபோலத் தெரியும். கவனித்துப் பார்த்தவர்களுக்குத் தெரியும், முதலில் ஓரத்தில் சின்னச் சின்ன நுரை கட்டும், ஆடை சுருங்கும். ஒற்றைத் தலைவலியும் வலியோடு தொடங்குவதில்லை. பலருக்குப் பல மணி நேரம் முன்பே, சில சமயம் முந்தின நாளே, ஓர நுரை தெரிந்துவிடும். காரணமில்லாத கொட்டாவி, கழுத்துப் பிடிப்பு, எரிச்சல், அடிக்கடி சிறுநீர், இனிப்பின் மேல் திடீர் ஆசை. பசி, தூக்கம், தாகம் இவற்றைப் பார்த்துக்கொள்ளும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி இந்த நேரத்தில் வழக்கத்துக்கு மாறாக இயங்குவது ஸ்கேனில் தெரிந்திருக்கிறது.

இதனால் ஒரு பழைய குற்றச்சாட்டே ஆட்டம் காண்கிறது. 'சாக்லேட் சாப்பிட்டேன், தலைவலி வந்தது' என்கிறோம். தலைவலி ஏற்கெனவே கிளம்பிவிட்டதால்தான் சாக்லேட் கேட்டதோ என்னவோ. இன்ன உணவு ஆகாது என்று ஒவ்வொன்றாக விலக்கி, கடைசியில் மோர்சாதத்தில் வந்து நிற்கிறவர்களை எனக்குத் தெரியும். அப்படிச் சாப்பாட்டைக் குறைத்துக் குறைத்து வயிறு காய்வதே பாலைப் பொங்க வைக்கும் என்பது அவர்களுக்கு எட்டுவதில்லை. ஒரே ஒரு குற்றவாளியைத் தேடுவது வீண் வேலை என்பது என் கட்சி. பால் பொங்குவதற்கு இந்தத் தீக்குச்சிதான் காரணம் என்று யாராவது சொல்வார்களா? தீ எவ்வளவு, எவ்வளவு நேரம், பாத்திரம் எவ்வளவு நிறைந்திருந்தது, எல்லாம் சேர்ந்துதானே பொங்குகிறது. தூக்கம் கெட்டது ஒரு பங்கு, வெயில் ஒரு பங்கு, நேரம் தவறிய சாப்பாடு ஒரு பங்கு, வழக்கமான காபி தவறியது ஒரு பங்கு. மாதவிலக்குக்கு முன் ஈஸ்ட்ரோஜன் சரிவது பெண்களுக்குப் பெரிய பங்கு. ஆண்களைவிடச் சுமார் மூன்று மடங்கு பெண்களுக்கு இது இருப்பதற்கு ஹார்மோன் முக்கியக் காரணம்.

நம்மூருக்கே உரிய ஒரு பங்கும் உண்டு: தலைக்குக் குளிப்பது. 'தலையில் நீர் கோத்துக்கொண்டது' என்று பாட்டிகள் சொன்னதை நான் சிரித்து ஒதுக்கியிருக்கிறேன். மும்பை மருத்துவர் கே. ரவிசங்கர், தலைக்குக் குளித்ததால் ஒற்றைத் தலைவலி கிளம்பிய 94 இந்திய நோயாளிகளைப் பற்றி 2006இல் எழுதினார். நீர் கோப்பது என்ற விளக்கம் தவறாக இருக்கலாம். கவனித்தது தவறில்லை.

சிலருக்கு வலிக்கு முன் கண்ணில் பளபளவென்று கோணல்மாணல் கோடுகள் தெரியும், நடுவே பார்வை மங்கும். அப்பளம் சுட்டுப் பாருங்கள். பொரிகிற விளிம்பு மெல்ல நகர்ந்து போகும், கடந்துபோன இடம் வேறாகிவிட்டிருக்கும். மூளையின் மேற்பரப்பில் அப்படி ஓர் அலை நிமிடத்துக்குச் சுமார் 3 மில்லிமீட்டர் நகர்கிறது. விளிம்பில் கிளர்ச்சி, பின்னால் அமைதி. முயலின் மூளையில் இதை 1944இல் எழுதிக் காட்டியவர் பிரேசில்காரரான அரிஸ்டைட்ஸ் லியோ. கண்ணில் தெரியும் கோடுகள் பெரும்பாலும் ஒரு மணி நேரத்துக்குள் அடங்கிவிடும். இது வருகிற பெண்கள் கருத்தடை மாத்திரை கேட்கும்போது மருத்துவரிடம் கட்டாயம் சொல்ல வேண்டும். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரை இவர்களுக்குப் பக்கவாத அபாயத்தைக் கூட்டும், புகைப்பழக்கமும் இருந்தால் இன்னும் மோசம்.

இனி மாத்திரை. நம்மில் பாதிப்பேர் செய்யும் தவறு, 'தாங்க முடியாவிட்டால் போட்டுக்கொள்ளலாம்' என்று காத்திருப்பது. பால் வழிந்து அடுப்பை அணைத்த பின் கரண்டியைத் தேடுகிற கதை. பால் ஏறும்போது ஒரு கை தண்ணீர் தெளித்தால் அடங்கும், வழிந்த பின் குடம் தண்ணீர் ஊற்றினாலும் துடைக்கத்தான் வேண்டும். இன்னொரு சிக்கலும் இருக்கிறது. தலைவலி ஏற ஏற இரைப்பை வேலையை நிறுத்திக்கொள்ளும். அடைத்துக்கொண்ட சிங்க்கில் எதை ஊற்றினாலும் அப்படியே நிற்குமே, அதுபோல விழுங்கிய மாத்திரை குடலுக்கு இறங்காமல் வயிற்றிலேயே கிடக்கும். பிறகு வாந்தியில் வந்துவிடும். டாக்டர்கள் வலி மாத்திரையோடு டாம்பெரிடோன் போல ஒன்றைச் சேர்த்து எழுதுவது குமட்டலுக்கு மட்டுமல்ல, சிங்க்கின் அடைப்பை எடுக்கவும்தான்.

சாதாரண வலி மாத்திரைக்குக் கேட்காதவர்களுக்கு டிரிப்டான் வகை இருக்கிறது. 1990களின் தொடக்கத்தில் சந்தைக்கு வந்த சுமாட்ரிப்டான் அதில் மூத்தது. நரம்பு நுனியிலிருந்து சி.ஜி.ஆர்.பி. கசிவதை இது மட்டுப்படுத்தும். சீப்பு உறுத்தத் தொடங்கும் முன் போட்டால்தான் நன்றாக வேலை செய்யும். இதய நோயோ பக்கவாதமோ வந்தவர்களுக்கு இது கூடாது, ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் அட்டையிலிருந்து கிள்ளி வாங்கிப் போடும் சமாச்சாரமல்ல.

சீக்கிரம் போடச் சொன்னேன், அடிக்கடி போடச் சொல்லவில்லை. சாம்பாரில் உப்புக் கூடிவிட்டது என்று புளி விட்டு, புளி தூக்கலாகிவிட்டது என்று மறுபடி உப்புப் போட்டு, அண்டா நிறையச் சாம்பார் செய்து வைத்த அனுபவம் எனக்கு உண்டு. வலி மாத்திரையும் அப்படித்தான். பாராசிட்டமால் போன்றவற்றை மாதத்தில் 15 நாள், டிரிப்டானையோ கூட்டு மாத்திரைகளையோ 10 நாள் என்று மூன்று மாதத்துக்கு மேல் போட்டுவந்தால், அந்த மாத்திரையே தலைவலியை வளர்க்கத் தொடங்கும். காலையில் எழும்போதே கனக்கும். போட்டால் சற்று அடங்கி, மறுநாள் மீண்டும் வரும். அண்டாவை ஓரம் வைத்துவிட்டுப் புதிதாகத் தொடங்க வேண்டியதுதான். நிறுத்தும் முதல் சில நாட்கள் கொடுமையாக இருக்கும், டாக்டரின் துணையோடு செய்வதே நல்லது.

அடிக்கடி வருகிறவர்களுக்கு உண்மையான நிவாரணம் தண்ணீர் தெளிப்பதில் இல்லை. அடுப்பை சிம்மில் வைப்பதில் இருக்கிறது. மாதத்தில் நாலைந்து நாளாவது முடக்கிப் போடுகிறது என்றால் தடுப்பு மருந்தைப் பற்றிப் பேசலாம். பிராப்ரனலால் முதலில் இதயத்துக்கு வந்த மருந்து, அமிட்ரிப்டிலின் மனச்சோர்வுக்கு, டோபிரமேட் வலிப்புக்கு. சீட்டில் அமிட்ரிப்டிலின் பெயரைப் பார்த்து இணையத்தில் தேடிவிட்டு 'எனக்கு மனநோய் மாத்திரை கொடுத்துவிட்டார்' என்று நிறுத்தியவர்கள் ஏராளம். மூவரும் வேறு வேறு வேலைக்கு வந்தவர்கள், தீயைக் குறைக்கவும் தெரிந்தவர்கள். ஆஸ்துமா இருந்தால் பிராப்ரனலால் ஆகாது, கருத்தரிக்க வாய்ப்புள்ளவர்களுக்கு டோபிரமேட் ஆகாது. சி.ஜி.ஆர்.பி.யையே குறிவைக்கும் மாதாந்தர ஊசிகளும் வந்துவிட்டன. அமெரிக்காவில் முதலாவதாக அனுமதி பெற்ற எரினுமாப் 2018இல் வந்தது. விலைதான் கசக்கும். பெரும்பாலான தடுப்பு மருந்துகளுக்கும் பொறுமை வேண்டும், இரண்டு மூன்று மாதம் பார்க்காமல் தீர்ப்பு சொல்லக் கூடாது. தலைவலி நாட்கள் பாதியானால் அது வெற்றி. அடியோடு போகவில்லையே என்று மருந்தைத் தூக்கிப்போடுவது அவசரம்.

சில தலைவலிகள் இந்த அடுப்படிக்கே உரியவை அல்ல. இடி விழுந்ததுபோல ஒரு நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போகும் வலி, காய்ச்சலோடு கழுத்து விறைப்பு, கை கால் இழுப்பு, வாய் குழறல், தலையில் அடிபட்ட பின் வருவது, 50 வயதுக்கு மேல் முதல்முறையாக வருவது, கர்ப்பத்தின்போது புதிதாக வருவது. பால், மிளகாய் என்று பேசிக்கொண்டிராமல் உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டியவை இவை.

அம்மாவுக்கு வழி திறந்தது ஒரு மாதக் காலண்டரால். சமையலறைச் சுவரில் பால் கணக்குக்காக மாட்டியது. அரை லிட்டர் கூட வாங்கினால் ஒரு கோடு, பால்காரர் வராத நாளுக்கு ஒரு பெருக்கல் குறி. டாக்டர் தலைவலியைக் குறித்துவரச் சொன்னபோது தனி நோட்டுப் போடாமல் அதிலேயே தலைவலிக்கு 'த', மாத்திரைக்கு ஒரு புள்ளி என்று வைத்தாள். மூன்று மாதத் தாளைக் கிழித்துக்கொண்டு போனோம். டாக்டர் அதைத் தள்ளிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "வெள்ளிக்கிழமை என்னம்மா பண்றீங்க?" என்றார்.

'த'க்களில் ஒன்பது வெள்ளியிலும் அதை ஒட்டிய சனியிலும் நின்றிருந்தன. வெள்ளிக்கிழமை அம்மா விடியுமுன் எழுந்து தலைக்குக் குளிப்பாள். ஈரத் தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு, காபிகூடக் குடிக்காமல், கோவிலுக்குப் போய் வந்து பதினோரு மணிக்குத்தான் வாயில் ஏதாவது படும். தூக்கம், ஈரம், பசி, காபி, திரும்பி வரும்போது வெயில். திருஷ்டி என்று வாசலில் உப்பு மிளகாய் சுற்றிப் போட்டதெல்லாம் இந்த வெள்ளிகளுக்குத்தான்.

டாக்டர் இரவில் போட ஒரு தடுப்பு மாத்திரை எழுதினார், வலி மாத்திரைக்கு மாதம் எட்டுப் புள்ளி என்று வரம்பு வைத்தார். வெள்ளியைப் பற்றி வீட்டில் பேச்சுவார்த்தை நடந்தது. காபியும் இரண்டு வாழைப்பழமும் விரதத்தைக் கெடுக்காது என்று அம்மாவே தீர்ப்பு சொல்லிக்கொண்டாள். வெறும் தலையோடு கோவிலுக்குப் போவதில்லை, குடை எடுத்துக்கொள்கிறாள். தலைக்குக் குளிப்பதை வியாழன் மத்தியானத்துக்கு மாற்றலாமே என்றேன். "அது மட்டும் நடக்காது" என்று சொல்லிவிட்டு, சாம்பிராணிப் புகையில் முடியை உலர்த்தப் போய்விட்டாள். இந்த மாதத் தாளில் மூன்று 'த'தான் இருக்கிறது, அதில் ஒன்று வெள்ளி.